வேன் ஜெரால்டும் பேருந்து அன்பியங்களும்

ஜெரால்டு இறந்துபோன செய்தி எனக்குக் கடைசியாகத்தான் வந்தது. காலையில் ஷிப்ட் முடிந்து வந்த என் மகள் ரெனிட்டா, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, “ஜெரால்டு அங்கிள் போயிட்டாருப்பா” என்றாள். விடியற்காலையில் மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றாள். அவள் வந்த கம்பெனிப் பேருந்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஓட்டுநருக்குத் தெரிந்திருந்தது. தொழிற்சாலைப் பிள்ளைகள் இறங்குகிற இடத்தில் டீ போடுகிறவருக்கும் தெரிந்திருந்தது. பல ஆண்டுகளாக அவரோடு ஒரே கோவில் குழுவில் உட்கார்ந்து, ஒரே தட்டிலிருந்து போண்டா எடுத்துச் சாப்பிட்ட எனக்குத் தெரியவில்லை. துக்கம் வருவதற்கு முன்னால் எனக்கு என்ன வந்தது என்பதை, அவரையும் என்னையும் அறிந்த நீங்கள் ஊகித்துக்கொள்வீர்கள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். ஜெரால்டு பெருங்களத்தூர்க்காரர். தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன்களுக்கு முதலாளி. ஒரகடம் பக்கத்து வயல்கள் கம்பெனிகளாக மாறிக்கொண்டிருந்த காலத்தில் மணிமங்கலத்தில் வீடு கட்டிக்கொண்டு எங்கள் கத்தோலிக்கப் பங்குக்கு வந்தார். இறந்தவர்களை அடக்கமானவர் என்று எழுதுவது வழக்கம். ஜெரால்டு அடக்கமானவர் அல்லர். விரலுக்கு ஒரு மோதிரம் போடுவார். கோவிலில் அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சென்ட் வாசனையால் கண்டுபிடிக்கலாம். பாடகர் குழுவில் சேராமலேயே பாடகர் குழுவைவிடச் சத்தமாகப் பாடுவார். இவற்றை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தவை இவைதாம்.

சில ஆண்டுகளுக்கு முன் பங்குத்தந்தை எங்களை அழைத்து, இந்தத் தொழிற்பேட்டைகளில் வேலைக்கு வந்திருக்கும் கத்தோலிக்க இளையோரை மறைபரப்புப் பணியில் ஈடுபடுத்தப் புதிய வழிகள் வேண்டும் என்றார். தூத்துக்குடி, ராமநாதபுரம், கன்னியாகுமரி என்று தெற்கிலிருந்து வந்த பிள்ளைகள். ஊரில் பூசைக்கு உதவி செய்தவர்கள், திருவிழாவில் தேர் தூக்கியவர்கள், இங்கே வந்தபின் ஞாயிற்றுக்கிழமை எது என்பதையே மறந்தவர்கள். இந்தக் கேள்விக்காகவே நான் பிறந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். திருஅவையின் ஏடுகளைப் படித்து, மேற்கோள்கள் சேர்த்து, ஒரு திட்டம் எழுதினேன். பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருப்பவர்களைச் சேர்த்துத் தெருவாரியாகச் சிறு குழுக்கள், நம் வழக்கத்தில் சொன்னால் அன்பியங்கள், அமைக்க வேண்டும். ஞாயிறு மாலை அவர்கள் கூட வேண்டும். நான் வகுப்பெடுக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் அவர்கள் பிறரைத் தேடிப் போக வேண்டும். நான் வாசித்து முடித்தபோது குழு மௌனமாக இருந்தது. பிரமிப்பு என்று எடுத்துக்கொண்டேன். தாமதமாக வந்திருந்த ஜெரால்டு மட்டும் மென்றுகொண்டே வாயைத் திறந்தார்.

“இதுங்களுக்குத் தெரு ஏது எழுத்தாளரே? ரூமுதான் கீது. அதுலயும் ஒருத்தன் எந்திரிச்சா அந்தப் பாயில இன்னொருத்தன் படுக்கிறான். ரெண்டு பேரும் மூஞ்சி பாத்தே மாசம் ஆவுது.”

குழு சிரித்தது. பங்குத்தந்தையும் சிரித்தார். என் திட்டம் ஏற்கப்பட்டது. ஆனால் வெளியே போகும்போது எல்லோரும் அந்தப் பாயைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனார்கள்.

வல்லம் வடகாலில் ஒரு விடுதியின் மொட்டை மாடியில் வகுப்பைத் தொடங்கினேன். முதல் ஞாயிறு மாடி நிறைந்தது. மறைபரப்புப் பணிக்கு ஓர் அறிமுகம் நடத்தினேன். அடுத்த ஞாயிறும் மாடி நிறைந்தது, ஆனால் முகங்கள் வேறு. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும் என்பதும், போன வாரம் ஓய்வில் இருந்தவர் இந்த வாரம் லைனில் நின்றுகொண்டிருப்பார் என்பதும் நான் படித்த எந்த ஏட்டிலும் இல்லை. வந்தவர்கள் புதியவர்கள் என்பதால் மறுபடியும் அறிமுகம். மாதக்கணக்கில் அறிமுகத்தையே நடத்தினேன். ஒரு வாரம்கூடத் தவறாமல் கேட்ட ஒரே மனிதர் விடுதியின் காவலாளி. ஸ்ரீபெரும்புதூர்க்காரர், பெருமாள் பக்தர், நெற்றியில் திருமண்ணோடு முதல் வரிசையில் உட்காருவார். ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து, இரண்டாவது பாடத்தை எப்போது எடுப்பீர்கள், ஆவலாக இருக்கிறது என்று கேட்டார். அத்துடன் வகுப்பை நிறுத்திவிட்டேன்.

ஜெரால்டு வகுப்பே எடுக்கவில்லை. ஒரே கம்பெனிப் பேருந்தில் போகிறவர்கள் ஷிப்ட் மாறினாலும் சேர்ந்தே மாறுகிறார்கள் என்று சொல்லி, பேருந்துவாரியாக அன்பியம் வைத்தார். நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரத்தில் செபமாலையில் பத்து மணிகள் உருட்டிச் செபம். பேருந்து வந்துவிட்டால் ‘அருள் நிறைந்த மரியே’ பாதியில் நின்றாலும் ஏறிவிட வேண்டும். மீதியை மாதா பார்த்துக்கொள்வாள் என்பது அவருடைய இறையியல். ஏறியபின் ஒரே ஒரு வேலை. நேற்று வந்து இன்று வராதவர் யார் என்று பார்க்க வேண்டும். அவர் கத்தோலிக்கரா, இந்துவா, ஒடிசாக்காரரா என்பது கேள்வியில்லை. ஷிப்ட் முடிந்ததும் அவருடைய அறையைக் கண்டுபிடித்துப் போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

“சீட்டு எங்க காலியா கீதோ, அதான் உன் மிஷன்” என்று பிள்ளைகளிடம் சொன்னார்.

அன்று நான் பக்கத்தில் நின்றிருந்தேன். இத்தனை காலமாகப் பத்திரிகைகளில் எழுதும் எனக்கு இப்படி ஒரு வரி வாய்த்ததில்லை. அதைவிடக் கொடுமை, அது ஒரு வரி என்பதே அவருக்குத் தெரியவில்லை. சொன்ன வாயோடு ஏதோ ஒரு வேனின் கிளட்ச் பற்றிப் புலம்பத் தொடங்கிவிட்டார்.

அவருடைய முறை ஒருமுறை நன்றாகச் சறுக்கியது. அதை இங்கே விரிவாகச் சொல்வதில் எனக்கு ஒரு திருப்தி இருக்கிறது. நாகர்கோவில் பக்கத்துப் பையன் செல்வம் ஒருநாள் பேருந்தில் இல்லை. பிள்ளைகளுக்குப் பதற்றம். நேராக லைன் சூப்பர்வைசரிடம் போய், செல்வத்துக்கு என்ன, எங்கே இருக்கிறான் என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறான் என்றார் அவர். அன்று மாலை ரொட்டியும் வாழைப்பழமுமாக அறைக்குப் போனார்கள். பூட்டியிருந்தது. மறுநாளும் அவரிடமே போய், அறையில் ஆள் இல்லை, பயமாக இருக்கிறது, கொஞ்சம் விசாரியுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர் விசாரித்தார். செல்வம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தது தெரிந்தது. புது வேலையும் கிடைக்கவில்லை, பழைய வேலையும் போனது. மறைபரப்புப் பணியால் ஒருவன் வேலையிழந்தது எங்கள் பங்கின் வரலாற்றில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

நான் அந்த வாரம் நன்றாகத் தூங்கினேன். ஜெரால்டு தூங்கவில்லை போலிருக்கிறது. செல்வத்தின் அறைக்குத் தானே போனார். கதவைத் திறந்தவன் கெட்ட வார்த்தையில் தொடங்கினான். இவர் கேட்டு முடித்துவிட்டு, “திட்டு தம்பி, பசங்கள வுட்டுடு, என்னைத் திட்டு. யோசன என்னுது” என்றாராம். பிறகு அவனைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு தெரிந்த கம்பெனி வாசல்களிலெல்லாம் ஏறி இறங்கி, ஓரிடத்தில் சேர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து ஒரு விதி வந்தது. ஆள் வரவில்லை என்றால் அறையில் கேட்கலாம், டீக்கடையில் கேட்கலாம், கம்பெனியில் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. செல்வம் புதிய கம்பெனியின் பேருந்தில் ஓர் அன்பியம் தொடங்கினான். ஒரு தோல்வியைக்கூட அவரால் ஒழுங்காகத் தோற்க முடியவில்லை.

மறைமாவட்டத்திலிருந்து வந்த ஓர் அருள்பணியாளர், இத்தனை பேருந்துகள் ஓடுகின்றனவே, இதுவரை எத்தனை பேர் திருமுழுக்குப் பெற்று நம் மதத்துக்கு வந்தார்கள் என்று கேட்டபோதும் நான் ஆவலோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜெரால்டு மோதிரத்தைத் திருகிக்கொண்டே யோசித்தார். “சாமி, காணாமப் போன ஆட்டைத் தேடுன்னாங்க. தேடறோம். அது யாரு மந்தைன்னு கேட்டுட்டுத் தேடுன்னு சொல்லலியே” என்றார். அருள்பணியாளர் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த மாதம் அதை மறையுரையில் சொன்னதாகக் கேள்வி.

ரெனிட்டாவுக்கு வருகிறேன். இங்கே ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறாள். என் வகுப்புக்கு ஒருமுறை வந்தாள், தலைவலி என்று பாதியில் எழுந்து போனாள். பேருந்து அன்பியத்தில் அவளுக்குத் தலைவலி வரவில்லை. ஒருநாள் காலையில் வர வேண்டியவள் மதியம் தாண்டி வந்தாள். அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண் முத்துமாரி, பேருந்தில் இவளுக்கு முன் இருக்கைக்காரி, காய்ச்சலில் தனியாகக் கிடந்திருக்கிறாள். அறையில் இருந்த மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். இவள் கஞ்சி வைத்துக் கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, அவள் தூங்கியபின் கிளம்பியிருக்கிறாள். எங்கள் வீட்டில் வெந்நீர்கூட வைக்காத பெண். கஞ்சி வைக்க எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். ஜெரால்டு அங்கிளின் மனைவிக்குப் போன் போட்டுக் கேட்டேன் என்றாள். என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அன்று எங்கள் வீட்டில் பொறாமைப்பட்டவன் நான் மட்டும் இல்லை.

முத்துமாரியிடம் நம் ஆண்டவரைப் பற்றி ஏதாவது சொன்னாயா என்று கேட்டேன்.

“கஞ்சி குடிக்கறவகிட்ட என்னப்பா சொல்றது? உப்பு போதுமான்னு கேட்டேன்” என்றாள்.

மறைபரப்பு ஞாயிறன்று ஜெரால்டுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பாராட்டுரை எழுதி வாசிக்கும் பொறுப்பு எனக்கு, தமிழ் நன்றாக வரும் என்பதால். அவருக்கு விளங்கிவிடக் கூடாது என்று சொற்களைக் கவனமாகப் பொறுக்கினேன். கூட்டொருங்கியக்கத் திருஅவையின் விளிம்புநிலைச் சான்றாளர் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். முடித்ததும் எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டியவர் அவர்தான். என் தோளில் கை போட்டு, எதிரே மைக் இருப்பதை மறந்து, “ஒன்னும் புரியல எழுத்தாளரே, ஆனா சூப்பரா கீது” என்றார். கோவில் முழுக்கக் கேட்டது. நிம்மதியாக வெறுப்பதற்கான வசதியைக்கூட அவர் எனக்குச் செய்து தரவில்லை.

அடக்கத்தன்று நாள் முழுவதும் கூட்டம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஷிப்ட் முடிந்தவர்கள் வர வர, ஷிப்டுக்குப் போகிறவர்கள் எழுந்து போனார்கள். சீருடையோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தார்கள். முத்துமாரி என் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “எங்க பெரியப்பா செத்தப்பக்கூட நான் இம்புட்டு அழல சார். இந்த மனுசன் வண்டியில நான் ஒருநாகூட ஏறுனதில்ல” என்றாள். ரெனிட்டா குழியருகே நின்று அழுதாள். எனக்கும் இப்படி அழுவாளா என்று ஒரு தகப்பன் கல்லறைத் தோட்டத்தில் நின்று யோசிக்கக் கூடாதுதான். யோசித்தேன்.

இனி பேருந்து அன்பியங்களை யார் பார்ப்பது என்ற பேச்சு ஏழாம் நாள் திருப்பலிக்குப் பின் வந்தது. பங்குத்தந்தை என்னைப் பார்த்தார். சம்மதம் என்று தெரியும் வகையில் நான் தரையைப் பார்த்தேன். இதை நான் எவ்வளவு விரும்பினேன் என்பதை மறைப்பதில் பயனில்லை. எல்லாப் பிள்ளைகளும் எனக்கு வேண்டியதில்லை, ஒரு பிள்ளை போதும். நிறுத்தத்தில் ஜெரால்டு ஏதாவது சொல்லும்போது, அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று ரெனிட்டா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படி ஒருமுறை என்னையும் பார்க்க வேண்டும். பிள்ளைகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார் பங்குத்தந்தை. பிள்ளைகள் பதிலை ரெனிட்டாவிடமே கொடுத்தனுப்பிவிட்டார்கள்.

“யாரும் வேணாம்னு சொல்லிட்டோம்பா. அந்தந்த பஸ்ஸ அந்தந்த பஸ்ஸே பாத்துக்கும்.”

“நான் வர்றதா இருந்தாலுமா?”

“நீங்க வந்தா பேசுவீங்கப்பா.”

ஜெரால்டு மட்டும் மௌன விரதமா இருந்தார் என்று கேட்டேன்.

“பேசுவாருதான். பஸ்ஸு வந்தா நிறுத்திடுவாரு.”

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனவள் திரும்பி வந்து, “சும்மா நின்னுகிட்டு இருக்கறதா இருந்தா வாங்க. வியாழக்கிழம சாயங்காலம், வல்லம் ஸ்டாப்பு” என்றாள்.

போனேன். நின்றேன். ஒரு பையன் என்னை மற்றவர்களுக்கு ரெனிட்டாக்காவோட அப்பா என்று அறிமுகப்படுத்தினான். எல்லோரும் தலையாட்டினார்கள். செபம் சொன்னார்கள், நானும் கூடச் சொன்னேன். அந்த இடத்தில் சொல்வதற்குப் பொருத்தமான ஒரு கருத்து எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. பேருந்து வந்தது, ஏறினார்கள். ரெனிட்டா ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் இன்னும் நிற்கிறேனா என்று திரும்பிப் பார்த்தாள். ஜெரால்டைப் பார்க்கிற பார்வை அல்ல அது. அதில் கால்வாசி இருக்கலாம். வாங்கிக்கொண்டேன்.

இறைவன் அவருக்கு நித்திய இளைப்பாற்றியைத் தரட்டும். போன இடத்திலும் இதற்குள் எல்லோரையும் பழக்கம் பிடித்து வைத்திருப்பார். பிறகு ஒருநாள் நான் போய்ச் சேரும்போது, இவர் நம்ம எழுத்தாளர் என்று அவர்தான் என்னை அறிமுகப்படுத்துவார். அதை நினைத்தால் இப்போதே எரிகிறது. அவருடைய வேன்களை மகன் எடுத்துக்கொண்டான். அவர் சொன்னவற்றைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கென்று அவர் விட்டுப்போனது இந்தப் பொறாமை ஒன்றுதான். முன்பெல்லாம் அது என்னை எழுதுமேசை முன்னால் உட்கார வைத்தது. இப்போது வியாழக்கிழமைகளில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்ப வைக்கிறது. நாளாக நாளாகக் குறைந்துவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். குறைய விடமாட்டேன்.