நாடகத்தில் இல்லாத ஒரு அலறல்

இரண்டு வருடங்களுக்கு முன், புனேயில் நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்கள் நாடகக் குழு, மனைவியை அடிக்கும் கணவனைப் பற்றி ஒரு இந்தி நாடகம் போட்டு வந்தது. மனைவியாக நான்; கணவனாக என் வகுப்புத் தோழன். பார்வையாளர்களில் யாராவது எழுந்து "நிறுத்து" என்று சொல்லும்வரை அடி ஓயாது. அதுதான் நாடகத்தின் சவால். கல்லூரிகளில் ஒருவரும் எழவில்லை. முடிந்ததும் பலமாகக் கைதட்டினார்கள்.

ஒருநாள் புனேயின் போபோடிப் பகுதியில் ஒரு சிறிய மண்டபத்தில் நாடகம். என்னை அடிப்பதாக அவன் வீசும் பெல்ட் எப்போதும் என் பக்கத்தில் தரையில்தான் விழும். அன்று அவன் கை வழுக்கிவிட்டது. பக்கிள் என் தோள்பட்டையில் இறங்கியது. "ஐயோ, அம்மா!" என்று தமிழில் அலறிவிட்டேன். மூச்சு அடைத்துக்கொண்டது, அடுத்த வார்த்தை வரவில்லை. நான் பிரமாதமாக நடிப்பதாக நினைத்து அவன் மறுபடி கையை ஓங்கினான். முன்வரிசையில் ஒருவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தார். மேடையேறி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ருக்கோ!" என்று இந்தியில் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். பிறகு என் பக்கம் குனிந்து, "எங்க பட்டுச்சும்மா?" என்றார், தமிழில். அப்போதுதான் என் தோழன் ரத்தத்தைப் பார்த்தான். பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு மேடையிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான்.

அந்தப் பெண்ணே காயத்தைக் கழுவித் துணி வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"நிஜமாவே பட்டுச்சுன்னு எப்படிக்கா தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"அதுவரைக்கும் இந்தியில அழுதுட்டிருந்த. திடீர்னு தமிழ்ல கத்துன பாரு, அடிவயித்துல இருந்து வந்துச்சு" என்றார். "ஆனா அதுக்கு முன்னாடியே எந்திரிச்சிருக்கணும். எங்க மாடி வீட்டுலயும் ராத்திரி சத்தம் கேக்கும். புருஷன் பொண்டாட்டி விவகாரம்னு நாங்களும் கதவைச் சாத்திக்குவோம்."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதன்பிறகு அந்தக் காட்சியில் நாங்கள் பெல்ட்டைத் தொடவே இல்லை. தோளில் சின்னத் தழும்பு இருக்கிறது. இன்றும் பக்கத்து வீட்டில் குரல் உயர்ந்தால், நமக்கென்ன என்று தோன்றுவதற்குள் நான் எழுந்து போய்க் கதவைத் தட்டிவிடுகிறேன்.