சோணையம்மாள் வீட்டுச் சுவரில் இருந்த படம்

வேண்டாம் என்று நீங்கள் தூக்கிக் கொடுத்த ஒரு பொருள் கோடி ரூபாய் பெறும் என்று நாளை தெரியவந்தால், அதை வாங்கிக்கொண்டு போனவரை என்னவென்று அழைப்பீர்கள்?

பழங்காநத்தத்தில் ஒற்றை அறையில் குடியிருக்கும் சோணையம்மாளைத் திருடி என்று அழைத்தார்கள். கொட்டாம்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு வளர்ந்தவர். புருஷன் செத்த பிறகு கைக்குழந்தையோடு மதுரைக்கு வந்தார். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து மகள் முத்துமீனாவை நர்சிங் வரை கொண்டுவந்துவிட்டார். அந்த நாலில் ஒன்று ஆன்சன் வீடு.

ஆன்சனின் அம்மா மிஷன் பள்ளி ஆசிரியை. ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரத் தலைமையாசிரியை அவருக்கு ஒரு படம் கொடுத்திருந்தார். ஒளியையும் அசைவையும் தீட்டிய பழைய பிரெஞ்சு ஓவியர் ஒருவரின் பாலே நடனப் பெண்கள். வெள்ளைப் பாவாடை, நுனிக்கால். ஒருத்தி மட்டும் குனிந்து செருப்பு நாடாவைக் கட்டுகிறாள். மாமியார் இறந்ததும், ஜெபக்கூட்டம் நடக்கும் ஹாலில் காலைக் காட்டிக்கொண்டு நிற்பவர்கள் ஆகாது என்று ஆன்சனின் மனைவி ரூத் அதைக் கழற்றிச் சோணையம்மாளிடம் கொடுத்தார். இவர் அடுப்புப் புகை படாத சுவராகப் பார்த்து மாட்டினார். குனிந்திருப்பவளைக் காட்டி, “இந்தப் பிள்ளைக்கும் இடுப்பு வலிக்கும் போல” என்பாராம்.

இரண்டு வருடம் கழித்து, அம்மாவின் பழைய புகைப்படம் ஒன்றில் பின்சுவரில் அந்த ஓவியத்தைப் பார்த்த ஆன்சன் செல்போனில் தேடினார். வெளிநாட்டு ஏலத்தில் அந்த ஓவியரின் இதே மாதிரிப் படம் ஒன்று கோடிகளுக்குப் போயிருந்தது. நம் படம் எங்கே என்று கேட்டதற்கு, சோணையம்மாள் வீட்டில் என்று மட்டும் ரூத் சொன்னார், தான் கொடுத்ததைச் சொல்லவில்லை. அன்று மாலையே ஆட்களோடு வந்து, திருடி என்று ஏசி, தெருவே பார்க்கச் சுவரிலிருந்து கழற்றினார். ரூத்தம்மாவைக் கேளுங்கள் என்று சோணையம்மாள் மன்றாடினார். ரூத் காருக்குள்தான் இருந்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

மறுநாளே மற்ற மூன்று வீடுகளும் இனி வரவேண்டாம் என்றன.

விலையைத் தெரிந்துகொண்டு போலீசுக்குப் போவதாகச் சொல்லி, ஆன்சன் படத்தைப் பழம்பொருள் வியாபாரி சூரியபிரகாஷிடம் எடுத்துப் போனார். சோணையம்மாளும் ஆட்டோ பிடித்துப் பின்னால் போனார். வியாபாரி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு ஆன்சனிடம் நீட்டினார். பாவாடையின் வெள்ளைக்குள் வண்ணப் புள்ளிகள் வரிசை வரிசையாக நின்றன. தூரிகை பட்ட தடமே இல்லை.

“மிஷின்ல அடிச்சது சார். பிரேம் தேக்கு. அதுக்கு வேணா ஐந்நூறு தாரேன்.”

ஆன்சன் படத்தை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். சோணையம்மாள் வாசலில் மறித்தார்.

“தம்பி, எங்க தெருவுக்கு வந்து நான் எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.”

“அதான் ஒண்ணுத்துக்கும் ஆகாததுன்னு ஆயிருச்சுல்ல. கேஸ் எதுவும் குடுக்கல. நீயே வச்சுக்க, போ.”

“அப்ப அம்புட்டு விலை போயிருந்தா நான் திருடியா?”

ஆன்சன் காரில் ஏறினார்.

படித்தவர்கள் இவர்கள். ஒரு பெண் நேர்மையானவளா என்பதை ஒரு தாளின் விலையை வைத்து முடிவு செய்கிறார்கள். பொய்சாட்சி சொல்லாதே என்று வாரந்தோறும் வாசிக்கிற வீடு அது. அழகர்கோவிலுக்கு நேர்ந்துகொண்டு நடந்து போகிற மற்ற மூன்று வீடுகளும் அதற்கு மேல் ஒன்றும் ஒசத்தியில்லை. சோணையம்மாள் இப்போது கல்யாண மண்டபங்களில் எச்சில் இலை எடுக்கிறார். தெருவில் அவர் வரும்போது கதவுகளைச் சாத்துகிறார்கள்.

ரூத் இன்னும் வாய் திறக்கவில்லை. இதைப் படிக்கிற நீங்களும் அப்படி ஒரு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். யாருக்கு எதைக் கொடுத்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எழுந்து போங்கள். அதை வாங்கிக்கொண்டவர் குடியிருக்கும் தெருவில் நின்று, அக்கம்பக்கத்தார் காதில் விழும்படி சொல்லுங்கள், நான்தான் கொடுத்தேன் என்று.