நல்ல காலில் வைத்த கல்

அந்தக் குதிரையை நினைத்தால் முதலில் மூக்கில் ஏறுவது நல்லெண்ணெய் வாடைதான். மினுமினுக்க வேண்டுமென்று உடம்பெல்லாம் எண்ணெய் தடவி, பாபநாசத்துத் தரகர் ஒருவர் அதை எங்கள் வாசலுக்கு ஓட்டிவந்தார்.

குதிரை வேண்டுமென்று கேட்டது என் பெரியப்பா. அரிசி ஆலைக்காரர்; வயலைச் சுற்றிவர ஒரு மொபெட் போதும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் பக்கத்து ஊர் மிராசுதார் கார் வாங்கிவிட்டார், அதற்குமேல் எதையாவது செய்து காட்டாவிட்டால் பெரியப்பாவுக்குச் சோறு இறங்காது. தரகர் ஒரே பார்வையில் அவரை அளந்துவிட்டார். டம்ளர் நிறையப் பாலைக் கையில் வாங்கிக்கொண்டு குதிரைமேல் ஏறி, தெருக்கோடிவரை மெல்லப் போய்த் திரும்பினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

“இதுக்குப் பேரு ‘ரவால் நடை’ங்க. ராஜா வீட்டுக் குதிரைங்கதான் இப்படிப் போகும்.”

பெரியப்பா அதன் பல்லைக்கூடப் பார்க்காமல் வாங்கினார்.

நான்காம் நாள் அது முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கியபடி, புல்லைத் தொடாமல் நின்றது. மாட்டு வண்டி இருந்த வீட்டில் பிறந்தவள் என் அம்மா. அதன் வலது காலைத் தூக்கிப் பார்த்து, லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவே செருகியிருந்த கூழாங்கல்லை ஆணியால் நெம்பி எடுத்தாள். நடக்கவிட்டோம். இப்போது இடது கால் அப்பட்டமாக நொண்டியது. அதுதான் பழைய நொண்டி. ஒரு கால் நொண்டினால் தெரிந்துவிடும் என்று நல்ல காலிலும் கல்லை வைத்திருக்கிறார்கள். இரண்டு காலும் ஒன்றுபோல வலித்து, அது பதுங்கிப் பதுங்கிப் போனதுதான் ராஜ நடையாம்.

தரகரையாவது பிழைப்பு என்று விட்டுவிடலாம். பெரியப்பா சொன்னதைத்தான் என்னால் இன்றும் செரிக்க முடியவில்லை.

“ஊர்ல சிரிப்பானுங்க. கல்ல பழையபடி வச்சிருங்க. செங்கல் வண்டிக்காரன் ஒருத்தன் கேக்குறான்.”

ஆலை ஆட்கள் வைத்தார்கள். குதிரை தோள்வரை நடுங்கியது.

மறுநாள் வண்டிக்காரர் வந்தபோது, தரகரின் சொற்களையே பெரியப்பா அதே இழுப்போடு ஒப்பித்தார். அம்மா உள்ளேயிருந்து இறங்கி வந்தாள்.

“வலது காலத் தூக்கிப் பாருங்கண்ணே. கல்லு இருக்கு. எடுத்தா இடது கால் நொண்டும்.”

“ஒம் பொண்டாட்டிய உள்ள போகச் சொல்லுடா” என்றார் பெரியப்பா, என் அப்பாவிடம். அப்பா தரையைப் பார்த்தார். அவர் வாழ்நாளெல்லாம் பார்த்தது அந்தத் தரையைத்தான். வண்டிக்காரர் குனிந்து, தானே கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, அம்மாவை மட்டும் பார்த்து “வர்றேம்மா” என்று சொல்லிப் போனார்.

குதிரை எங்கள் மாட்டுக் கொட்டகையில் நொண்டிக்கொண்டே இருந்து, அங்கேயே செத்தது. பெரியப்பா சாகும்வரை அம்மாவோடு பேசவில்லை. அதில் அம்மாவுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

இன்று ஆலையும் இல்லை, கொட்டகையும் இல்லை, எல்லாம் மனைகளாகிவிட்டன. பெரியப்பா மகன் வீட்டுக் கூடத்தில் மட்டும், முதல் நாள் அவர் குதிரைமேல் அமர்ந்து எடுத்துக்கொண்ட படம் பெரிதாகத் தொங்குகிறது. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து வியக்கிறார்கள். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று குதிரையின் கால்களை வெட்டியிருக்கிறார்கள்.