சிவப்புப் பூ காட்டிய வகுப்பு

சி.ஏ. இன்டர் தேர்வில் வரித் தாள் என்னை இரண்டு முறை கவிழ்த்துவிட்டது. மூன்றாவது முறையும் கவிழ்ந்தால் படிப்பை மூட்டை கட்டிவிட்டு, பட்டுக்கடை பில்லிங் கவுண்டரில் உட்கார்ந்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் தறியில் இருந்த அப்பா அதைக் கேட்டுக்கொண்டார். அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

ஆகவே இந்த முறை யாரிடம் வகுப்புக்குப் போவது என்ற கேள்வி என்னைத் தின்றுகொண்டிருந்தது. சென்னையில் ஒரு பெரிய பயிற்சி மையம் இருந்தது. அங்கே வரி நடத்தும் சாரின் முகம் ஆட்டோ முதுகிலெல்லாம் சிரிக்கும். இங்கே எங்கள் ஊரில், பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மேடம், ஆடிட்டர் வேலையை விட்டுவிட்டு வீட்டு மாடியில் கொஞ்சம் பேருக்கு மட்டும் நடத்திக்கொண்டிருந்தார். விளம்பரமே கிடையாது. நான் தூக்கம் கெட்டுத் திரிவதைப் பார்த்த அம்மா, தெருமுனை அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிட்டாள். வெள்ளை என்றால் மேடம், சிவப்பு என்றால் சென்னை. தாளில் மடித்து அம்மன் முன்னால் வைத்த இரண்டு பொட்டலங்களில், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தால் சிவப்பு அரளி.

"அம்மனே சொல்லிட்டா. இன்னும் இன்னாமா யோசிச்சிக்கினு இருக்கற?"

மறுநாளே சென்னைக்குப் பஸ் ஏறினேன். அன்று இலவச மாதிரி வகுப்பு. கல்யாண மண்டபம் மாதிரி கூடம், முன்னால் பெரிய திரை. கேள்வி கேட்கலாம் என்று சார் சொன்னதும் எழுந்தேன்.

"சார், நெசவுக்குன்னு கடைக்காரர் கொடுத்த பட்டு நூல் ஒரு வருஷத்துக்குள்ள சேலையா திரும்பி வரலைன்னா ஜி.எஸ்.டி. எப்படி சார்? போன தடவை கேட்டாங்க. எனக்கு மார்க்கே விழலை."

"போன வாட்டி வந்துடுச்சில்ல? அப்ப இந்த வாட்டி வராதும்மா. சாய்ஸ்ல விட்டுடு" என்றார். கூடமே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. வெளியே வந்தால், இன்று மாலையோடு அட்மிஷன் முடிகிறது என்றாள் அலுவலகப் பெண். வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லித் தப்பித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் இருந்தபோது அவளே இரண்டு முறை போனில் கூப்பிட்டாள். அம்மன் காட்டிய இடத்தை விட்டுவிட்டுத் தோற்றால், பழி முழுக்க என் தலையில்தான் விடியும். அந்தச் சாரிடம் சேர்ந்தாலோ, மறுபடி எங்கே தவறினேன் என்று தெரியாமலே தோற்பேன். இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் மேடம் வீட்டு மாடி ஏறினேன்.

மேடம் என் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. பேனாவும் தாளும் கொடுத்தார். "பரிட்சையில எப்டி எழுதினியோ, அப்டியே எழுதுமா."

எழுதிக் கொடுத்தேன். படித்தார். "உங்க வீட்ல தறி இருக்குதா?"

திடுக்கிட்டேன். "இருக்குது மேடம்."

"அதான். நெசவு பண்றவங்க வீட்ல எத்தினி நாள் கெடந்தாலும் நூல் மொதலாளியோடதுதான், அதனால வரி இல்லன்னு எழுதியிருக்கற. அது உங்க தெரு வழக்கம்மா. ஒரு வருஷம் தாண்டிட்டா, நூலை அனுப்பின அன்னிக்கே வித்துட்டதா சட்டம் எடுத்துக்கும்."

எனக்கு அழுகை முட்டியது. அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து எங்கள் இரண்டாவது தறியில் முதலாளி கொடுத்த நூல், பாவாக ஏற்றியபடியே நெய்யாமல் நின்றுபோய்க் கிடக்கிறது. அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கண்ணெதிரே நடப்பது தேர்வில் தப்பாகும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? அதுவரை நான் எழுதியதைப் படித்து, எங்கே தப்பு என்று யாரும் சொன்னதில்லை. பையில் போன் மறுபடி அடித்தது. அணைத்துவிட்டேன்.

வீட்டில் அம்மா தறிக்கு ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், மேடம் சொன்ன சட்டம், அவரிடமே சேரப்போவது உட்பட. அம்மாவின் கை நின்றது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அம்மன் 'போ'ன்னுதான சொன்னா? போய்ப் பாத்துட்டு வந்துட்ட இல்ல" என்றாள் கடைசியில். பிறகு தணிந்த குரலில், "பூ கட்டினதே நீ தூங்கணும்னுதாம்மா. எனக்கு மட்டும் பயம் இல்லியா?"

அந்த நேரத்தில்தான் தறிச் சத்தம் நின்றிருப்பதைக் கவனித்தேன். அப்பா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஏம்மா, அந்தத் தறியில நின்னுபோன பாவு வருஷம் தாண்டிடுச்சே. அதுக்கு நான் வரி கட்டணுமா?"

"நீ இல்லப்பா, மொதலாளிதான். நூலைக் கொடுத்தனுப்பின தேதியிலேர்ந்து வட்டியோட."

அப்பா மூச்சு விட்டார். தறி மறுபடி ஓடத் தொடங்கியது. அந்தக் கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொன்னது அதுதான் முதல் முறை.