மொட்டைமாடியில் உருவான ஆட்டம்

காலடிப்பேட்டையில் பரதம் கற்றவள் நான். என் தோழி ராயபுரத்துக்காரி, பிரேக் டான்ஸ் ஆடுபவள். திருவொற்றியூரில் ஒரே நடனக் குழுவில் இருந்தோம். எங்கள் இரண்டு பாணிகளையும் கலந்து, இருவர் ஆடும் ஆட்டம் ஒன்றை அவள் வீட்டு மொட்டைமாடியில் மாதக்கணக்காக உருவாக்கினோம். துபாயில் நடக்கவிருந்த ஒரு நிகழ்ச்சிக்கு அதைத் தேர்ந்தெடுத்திருந்தார் எங்கள் குழுவின் மாஸ்டர்.

அந்தச் சமயத்தில்தான் பிசியோதெரபி படிக்கும் பெண் ஒருத்தி எங்கள் ஒத்திகைக்கு வந்தாள். வெவ்வேறு நடனம் ஆடுகிறவர்களின் மூட்டு எவ்வளவு வளைகிறது, எவ்வளவு பலமாக இருக்கிறது என்று ஒப்பிடுவது அவள் படிப்பு வேலை. தோழியின் நீட்டிய கையைத் தன் முழு பலத்தோடு அழுத்தினாள். அது இறங்கவே இல்லை. ஆனால் முட்டிகளைப் பக்கவாட்டில் விரித்துப் பாதி உட்காரும் அரைமண்டியில் இருக்கச் சொன்னபோது தோழியின் இடுப்பு விரியவில்லை, குதிகால் தூக்கிக்கொண்டது. எனக்கு இடுப்பு சுலபமாக விரிந்தது. கட்டைவிரல் மணிக்கட்டைத் தொட்டது. நிமிர்ந்து நின்றால் முட்டி பின்பக்கமாக வளைந்தது.

"ரப்பர் மாதிரி கீறடி," என்று தோழி சிரித்தாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. என்னைத் தனியாக அழைத்துப் போய், "மூட்டு நல்லா வளையுது. அதைப் பிடிச்சு நிறுத்துற பலம் தொடையில இல்லை. இடது முட்டி வலிக்குமா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். குதித்து இறங்கும்போதெல்லாம் வலித்துக்கொண்டுதான் இருந்தது.

திரும்பும் வழியில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது. அங்கே வைத்து முட்டி வலியைத் தோழியிடம் மட்டும் சொன்னேன். "மாஸ்டருக்குத் தெரிஞ்சா என்னை எடுத்துடுவாரு."

"நான் எதுக்குடி சொல்லப் போறேன்?" என்றாள். அன்று மாலை தைலம் சூடு பண்ணி என் முட்டியில் அவளே தேய்த்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஒத்திகைக்குப் போனேன். "முட்டி பேஜாரா கீதாமே. ரெஸ்ட் எடும்மா," என்றார் மாஸ்டர். என் இடத்தில் தோழியின் பெரியம்மா பெண் நின்றிருந்தாள். பாட்டு ஓடியது. தோழியின் முதுகில் சாய்ந்து அப்படியே அரைமண்டிக்கு இறங்கும் இடத்தில் நான் எத்தனையோ நாள் தடுமாறியிருக்கிறேன். பெரியம்மா பெண் அதைத் தடுமாறாமல் செய்தாள். ஒரு வாரத்தில் உடம்பில் ஏறுகிற அசைவு இல்லை அது.

வெளியே வந்ததும் தோழியிடம், "எப்போலேர்ந்து அவளுக்குச் சொல்லித் தர்ற?" என்று கேட்டேன்.

"உன் நல்லதுக்குத்தான் மாஸ்டர்கிட்ட சொன்னேன். அங்க போயி விழுந்தா இன்னா பண்ணுவ?"

"அதைக் கேக்கல. எப்போலேர்ந்து?"

அவள் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். "அவளைத் துபாய்க்கு இட்டுக்கினு போன்னு வூட்ல கேட்டுக்கினே இருந்தாங்கடி. நான் இன்னா பண்ணட்டும்?"

முட்டி ஒரு சாக்கு மட்டும்தான் என்று அப்போது புரிந்தது. தைலம் தேய்த்த அந்தக் கைதான் மனதை அதிகமாக அறுத்தது.

அவர்கள் துபாய் போனார்கள். நான் அந்த பிசியோதெரபி பெண்ணைத் தேடிப் போய், தொடைக்கான பயிற்சிகளைக் கற்றுக்கொண்டேன். ஊர் திரும்பியதும் தோழி சாக்லேட்டோடு வீட்டுக்கு வந்தாள். "வாசல்ல நிக்குறா, ஒரு வார்த்தை பேசு," என்றாள் அம்மா. நான் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் அம்மாவிடம் துபாய்க் கதை பேசிவிட்டுப் போனாள்.

இப்போது தனியாகத்தான் ஆடுகிறேன். முட்டி தாங்குகிறது.