தண்ணி ருசி பாத்த தெரசாக்கா போயிட்டாங்க

பெரிய பேத்தி நர்சிங் முடிச்சு பாண்டிச்சேரில டூட்டிக்குச் சேந்துட்டா. அவ தம்பி பேங்க் பரீட்சை பாஸ். சின்னவ ஸ்கூல் கபடி டீமுக்கு கேப்டனாம், நேத்துதான் சொன்னா.

இதெல்லாம் ஒண்ணா சேத்து போஸ்ட் போடலாம்னு உக்காந்தேன். அப்பத்தான் போன்.

தெரசாக்கா போயிட்டாங்க.

உங்கள்ல பல பேருக்கு அவங்கள தெரியாது. எண்பதுல நான் கல்யாணமாகிப் போன திட்டுல எங்களுக்கு வடக்கு வூடு அவங்க வூடு. திண்டிவனத்துக்குக் கெழக்க, கழுவெளித் தண்ணிக்கு நடுவுல ஒரு மண்ணுத் திட்டு அது. நாலு பக்கமும் உப்புத் தண்ணி. படகுலதான் போகணும், வரணும்.

ஆனா நடுவுல ஒரு மணல் மேடு. பேஞ்ச மழை அதுல எறங்கி அடியில நிக்கும். அதனால வடக்கால ஒரு கெணறு, தெக்கால ஒரு கெணறு, ரெண்டுலயும் நல்ல தண்ணி. மேடு போச்சுன்னா உப்பு உள்ள பூந்துடும்...

அதுக்குத்தான் ஊர் கூடிப் பேசி சங்கம் மாதிரி ஒண்ணு வெச்சிருந்தாங்க. மேட்டு மண்ண வெளிய விக்கக் கூடாது. மேடு பூரா சவுக்கு நட்டோம். பொம்பளைங்க நாங்கதான் குடத்துல தண்ணி ஊத்தி வளத்தோம்.

சவுக்கோ, மல்லாட்டைன்னு நாங்க சொல்ற வேர்க்கடலையோ, தனித்தனியா யாரும் விக்க மாட்டோம். ஒண்ணா படகுல ஏத்தி திண்டிவனத்துக்குக் கொண்டுபோவோம். அந்த வருமானத்துலதான் பெரிய படகு வாங்குனோம். அந்தப் படகுலதான் எங்க பசங்க பள்ளிக்கூடம் போச்சுங்க.

விடிஞ்சதும் கெணத்துல ஒருத்தி மொதல்ல வாயில ஊத்திப் பாக்கணும். முழுங்குனா எல்லாரும் கொல்லைப் பயிருக்கு இறைக்கலாம். துப்புனா குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு குடம். உப்பு ஏறுதுன்னு அர்த்தம்.

மொதல்ல மொறை வெச்சுதான் பாத்தோம். ஆனா அவங்கவங்க கொல்லை காஞ்சிக்கினு இருந்தா யாரு துப்புவா? என் ஓரகத்தி ஒரு நாள் மூஞ்சி கோணிக்கினே முழுங்கிட்டு, "சக்கரையாட்டம் இருக்குதே"ன்னா! எல்லாரும் சிரிச்சிட்டோம்.

"உன் வூட்டு காபியில போட்டுக்கோ போ"ன்னாங்க தெரசாக்கா.

அதுலேர்ந்து அவங்களையே பாக்கச் சொல்லிட்டோம். அவங்களுக்குப் பயிர் வெக்கிற நெலம் கெடையாது. அப்பா வழியில வந்த ஒரு துண்டு மேடு மட்டும்தான், வடக்குக் கெணத்த ஒட்டினாப்ல. வெறும் மணலு.

குடத்த இடுப்புல வெச்சிக்கினு நாங்க எல்லாம் அவங்க தொண்டையவே பாத்துக்கினு நிப்போம்...

ஒரு நாள் வெள்ள சட்டை போட்டுக்கினு ஒருத்தரு படகுல வந்து எறங்குனாரு. மணலு வாங்கி விக்கறவரு. வூடு வூடா போயி பேசிட்டு கடைசியா அக்காகிட்ட வந்தாரு. நான் அங்கதான் மொறத்துல கேப்பை பொடைச்சிக்கினு இருந்தேன்.

"இன்னாம்மா வெளையுது இந்த மண்ணுல? சும்மாதான கெடக்குது?"

"தண்ணி வெளையுது. ஒரு சொம்பு குடிச்சிட்டுப் போ"ன்னாங்க அக்கா.

குடிச்சாரு. வாயத் தொடச்சிக்கினு சிரிச்சாரு. "நல்லாத்தான் இருக்குது. உங்களுக்கு எத்தினி புள்ளைங்க?"

"அத்த ஏன் கேக்கற?"

"சும்மாதாம்மா. இப்ப வேணாம்னா வேணாம். அவசரமில்ல... நாங்க காத்திருந்து வாங்கிக்கறோம்."

கோவமே இல்லாம சொன்னாரு. அவரு போன படகு கண்ணுக்கு மறையற வரைக்கும் அக்கா அந்த சொம்ப கையிலயே வெச்சிக்கினு நின்னாங்க.

தெக்கால இருந்தவங்க அவங்க பங்கு மேட்ட அவருகிட்ட வித்துட்டாங்க. அவங்களுக்கும் கஷ்டம், கொறை சொல்ல மாட்டேன். வெயில் காலத்துல அந்தப் பக்கம் தண்ணி வத்திடும், டிராக்டரே உள்ள வந்துச்சு. சவுக்கையும் வெட்டி மேட்டையும் வாரிக்கினு போனாங்க.

அதுக்கப்புறம் ஒரு காலையில தெக்குக் கெணத்துல அக்கா தண்ணிய வாயில ஊத்துனாங்க. முழுங்கல. துப்பவும் இல்ல. அப்பிடியே நின்னாங்க.

"இன்னாக்கா, வெத்தலையா போட்டுக்கினு இருக்க? ஜல்தி சொல்லு"ன்னா என் ஓரகத்தி.

யாரும் சிரிக்கல.

ரொம்ப நேரம் கழிச்சு துப்புனாங்க. "இனிமே இங்க கொடம் எடுத்துக்கினு வராதீங்க"ன்னாங்க. அவ்ளோதான். அந்த வருஷம் தெக்கால மல்லாட்டை பூரா எலை ஓரம் கருகிப் போச்சு. அங்க இருந்தவங்க ஒவ்வொரு வூடா கெளம்புனாங்க. அப்புறம் நாங்களும் விழுப்புரம் வந்துட்டோம்.

வடக்குக் கெணறு மட்டும் இன்னும் நல்லா இருக்குது. மிச்சம் இருக்கற ஜனங்க அதத்தான் குடிக்கறாங்க. அதுக்குக் காவல் அக்காவோட அந்த ஒரு துண்டு மேடுதான். கடைசி வரைக்கும் அவங்க அத விக்கல.

போன்ல பேசுனது அக்கா பொண்ணு மேரி. அழுது அழுது கொரலே இல்ல அவளுக்கு.

"உங்க அண்ணன் வந்துட்டானாடி?"ன்னு கேட்டேன்.

"வந்துட்டான் சின்னம்மா. கூட ஒருத்தரு வந்திருக்காரு. அடக்கத்துக்குப் படகு, பந்தல், சாப்பாடு எல்லாம் அவரு செலவு. எவ்ளோ பெரிய மாலை தெரியுமா..."

"யாருடி அவரு?"

"எனக்குத் தெரியல சின்னம்மா. அவங்க அப்பா ஒரு வாட்டி நம்ம வூட்ல தண்ணி குடிச்சிருக்காராம். அண்ணன் அவரக் கூட்டிக்கினு இப்ப மேட்டுப் பக்கம் போயிருக்கான்."

எத்தினி புள்ளைங்கன்னு அந்த வெள்ள சட்டைக்காரரு அன்னிக்கு ஏன் கேட்டாருன்னு இப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

அக்கா... மூட்டு வலியில படகு ஏற முடியல, கடைசியா மொகம் பாக்க வர முடியல. மன்னிச்சிக்கோங்க. நீங்க போயி நிம்மதியா படுங்கக்கா.

இதோட போட்டிருக்கற போட்டோ மேரி அனுப்புனது. அக்கா பின்னால சவுக்கு தெரியுது பாருங்க. ஆனா அது போன கிறிஸ்துமஸ்ல எடுத்தது.

திட்டுக்காரங்க யாராவது இத படிச்சா ஒரு உதவி பண்ணுங்க. வடக்கு மேட்ட ஒரு போட்டோ எடுத்து கீழ கமெண்ட்ல போடுங்க. பழசு வேணாம். இன்னிக்கு எடுத்ததா போடுங்க.