காவியைக் கழுவிய முகம்

மாரியாத்தாவை நம்புகிற உங்கள் எல்லோரிடமும் இதைச் சொல்ல வேண்டும். நான் பாண்டியம்மாள், ராசிங்காபுரம். தினமும் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலக்காய் எடுக்கப் போகிறவள்.

போன ஆடியில் என் வலது கன்னத்தில் காசளவு தடிப்பு வந்தது. வலியில்லை, அரிப்பில்லை. ஆனால் செம்பழுப்பாகப் படர்ந்துகொண்டே போனது. அக்கி என்றார்கள். மண்பானை செய்யும் வேளார் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதினோம். மூன்று மாதமாகியும் இறங்கவில்லை. நானும் காவி பூசுவதை விடவில்லை. உண்மையைச் சொல்கிறேன், மருந்துக்காக இல்லை. மறைக்கத்தான்.

ஜீப்பில் என்னை ஒட்டி உட்காரும் பேச்சி ஒருநாள் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

"கோவிச்சுக்கிறாத மதினி, வீட்ல பச்சப்புள்ள இருக்கு."

அன்று முழுக்க ஏலச்செடிக்குள் குனிந்து அழுதேன். தையில் என் மகளுக்குக் கல்யாணம். பெற்றவள் முக்காடு போட்டுக்கொண்டா நிற்பது?

கோயிலுக்குப் போய்ச் சண்டையே போட்டேன். "ஆத்தா, பத்து வருசமா ஒனக்குத் தீச்சட்டி எடுக்குறேன். ஏம் மூஞ்சிக்கு என்னன்னு சொல்ல ஒரு ஆளக் காட்ட மாட்டியா?"

மறுநாள் மலைப்பாதையில் பாறை சரிந்து ஜீப்பு ஓடவில்லை. "சோலிதான் இல்லையே, வெரசா கெளம்பு, தேனிக்குப் போவோம்" என்றார் வீட்டுக்காரர்.

தேனி ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மா என்னைப் பார்த்ததும், "மொதல்ல இந்தக் காவியக் கழுவிட்டு வாங்கம்மா" என்றார். அத்தனை பேர் பார்க்கக் குழாயடியில் கழுவினேன். உடம்பெல்லாம் கூசியது.

துளி சதையெடுத்துச் சோதித்தார்கள். அக்கியில்லை, தொழுநோயில்லை, யாருக்கும் ஒட்டாது. முகத்தில் மட்டும் வருகிற அபூர்வமான கோளாறாம். தடிப்பைக் குளிர் மருந்தால் உறைய வைத்துக் குணமாக்கலாம் என்றார் டாக்டரம்மா. "எரியும், கொப்புளம் வரும். பயமா இருக்கா?"

"நெருப்பையே கையில ஏந்துறவ டாக்டரம்மா நான்" என்றேன். புகை கக்கும் அந்தக் குளிர் மருந்து கன்னத்தில் பட்டதும் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது வேறு கதை.

மூன்று தடவை வைத்தார்கள். கொப்புளம் வற்றிப் பொருக்கு உதிர்ந்தது. தடிப்பு போய் வெளிறிய தழும்பு மட்டும் நின்றது. ஆத்தா என்னைக் குளிர வைத்துவிட்டாள். பேச்சியும் பழைய இடத்துக்கு வந்துவிட்டாள்.

வேண்டிக்கொள்ளுங்கள், கட்டாயம் வழி காட்டுவாள். ஆனால் காட்டிய இடத்துக்கு முகத்தைக் கழுவிக்கொண்டு போங்கள். காவிக்குள் இருப்பது ஆத்தாவுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது.

மகள் கல்யாணத்தில் முக்காடில்லாமல் முன்னால் நின்றேன். படம் பிடித்தவர், "கன்னத்துத் தழும்ப அழிச்சுத் தரவாக்கா?" என்று கேட்டார்.

"படத்துல அதத் தொட்டுப் பாரு, அப்பத் தெரியும் சேதி" என்றேன்.

தழும்போடுதான் அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.